காலையில் ஆபரேஷன், அன்றே அம்மா மடி: குழந்தைகளின் ‘டே கேர்’ சிகிச்சைக்கு வழிகாட்டிய டாக்டர் நிக்கோல் யார்?

குழந்தைக்கு ஹெர்னியா ஆபரேஷன் என்றால், காலையில் அட்மிட் ஆகி மாலையே வீட்டுக்குக் கிளம்புவது இன்று சகஜம். இவ்வளவு சீக்கிரம் அனுப்புறாங்களே, ஏதாவது ஆகிடுமோ என்று பெற்றோர் பதறுவதும் சகஜம்தான். அந்தப் பயத்துக்கு 100 ஆண்டுகளுக்கு முன்பே கணக்கோடு பதில் சொன்னவர், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர அறுவை சிகிச்சை நிபுணர் ஜேம்ஸ் நிக்கோல்.

வார்டில் என்ன பிரச்சினை?

அன்றைக்கு ஆபரேஷன் என்றாலே நாள்கணக்கில் படுக்கையில் அசையாமல் கிடக்கணும். கைக்குழந்தை அப்படிக் கிடக்குமா? தாயைப் பிரிந்து வார்டில் அழுது புரளும். தாய்ப்பாலும் தடைப்படும். தாயின் கையில் இருக்கும் குழந்தையோ அமைதியாக இருக்கிறது என்பதை நிக்கோல் கவனித்தார். கிளாஸ்கோவின் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த வெளிநோயாளி மையத்தில், தையல் போட்டு, காயத்தை மூடி, குழந்தையைத் தாயிடமே கொடுத்து அனுப்பினார்.

அனுப்பிவிட்டு சும்மா இருந்தாரா?

இல்லை. நர்ஸ்கள் வீடு தேடிப் போய்க் காயத்தைக் கவனித்தார்கள். மருத்துவமனை அருகே ஒரு சிறிய வீட்டை வாடகைக்கு எடுத்து, பால் குடிக்கும் குழந்தைகளைத் தாயோடு தங்க வைத்தார்கள். வீட்டுச் சூழல் சரியாக இருக்கணும் என்பதையும் நிக்கோல் வலியுறுத்தினார்.

1909-ல் பெல்ஃபாஸ்டில் நடந்த பிரிட்டிஷ் மருத்துவச் சங்கக் கூட்டத்தில் கணக்கை முன்வைத்தார். 10 ஆண்டுகளில் 8,988 ஆபரேஷன்கள். கிட்டத்தட்ட பாதிக் குழந்தைகள் 3 வயதுக்கும் குறைந்தவர்கள். ஹெர்னியா மட்டுமல்ல, உதட்டுப் பிளவு, வளைபாதம், முதுகுத்தண்டுப் பிளவு ஆகியவையும் பட்டியலில் இருந்தன. வார்டில் படுத்தவர்களைவிட இவர்கள் மோசமாகிவிடவில்லை. பல குழந்தைகளை வார்டில் வைப்பது தேவையற்ற செலவு என்பதே அவர் முடிவு.

ஆனாலும் நீண்ட படுக்கை ஓய்வுப் பழக்கம் உடனே மாறிவிடவில்லை. நிக்கோல் 1921-ல் காலமானார். பாதுகாப்பான மயக்க மருந்துகள் வந்து, 1970-களுக்குப் பிறகுதான் ‘டே கேர்’ முறை வேகமாகப் பரவியது. நவீன ‘டே கேர்’ சிகிச்சையின் தந்தை என்று இன்று அவரைக் குறிப்பிடுகிறார்கள்.

எல்லோருக்கும் பொருந்துமா?

பொருந்தாது. குறைமாதத்தில் பிறந்து இன்னும் சில வாரங்களே ஆன குழந்தைக்கு, மயக்க மருந்துக்குப் பிறகு மூச்சு இடையிடையே நின்றுபோகும் ஆபத்து உண்டு. அதனால் இரவு முழுக்கக் கண்காணிப்பார்கள். இதய, நுரையீரல் பிரச்சினை உள்ளவர்களுக்கும் டாக்டர் தனியாக முடிவெடுப்பார். மற்றவர்களும் வலி கட்டுக்குள் வந்து, வாந்தி நின்று, நன்றாக விழித்த பிறகே டிஸ்சார்ஜ்.

நிக்கோலின் குழந்தைகளை நர்ஸ் தேடி வந்தார். இன்று அந்த இடத்தில் இருப்பது ஒரு போன் நம்பர். காய்ச்சல், ரத்தக் கசிவு, நிற்காத வாந்தி என்றால் நள்ளிரவிலும் யாரை அழைக்கணும் என்று கேட்டு வாங்கிக்கொண்டே கிளம்புங்கள்.