உள்ளே திரும்பிய மாணவர்

இரமண மகரிஷி என்றதும் கோவணம் உடுத்த முதியவர் ஒருவரே நம் கண்முன் தோன்றுகிறார். நான் எழுத விழைவதோ நம்மினும் இளைய ஒரு பள்ளி மாணவரைப் பற்றி.

1879-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 30-ஆம் நாள், பாண்டி நாட்டுத் திருச்சுழியில் சுந்தரமய்யருக்கும் அழகம்மைக்கும் மகனாய்ப் பிறந்தவர் வேங்கடராமன். தந்தை மறைந்தபின் மதுரையில் சிற்றப்பா வீட்டில் தங்கி, அமெரிக்க மிஷன் பள்ளியில் பயின்றார். பாடத்தைவிடப் பந்தாட்டத்திலும் மல்யுத்தத்திலுமே நாட்டம் மிகுதி. ஆயினும், கைக்குக் கிட்டிய பெரியபுராணம் அவர் உள்ளத்தை உருக்கிற்று.

1896 ஜூலையில், நோய் ஏதுமின்றி இருந்தபோதே, மரண பயம் திடீரென அவரைப் பற்றியது. அவர் எவரையும் அழைக்கவில்லை. பிணம்போல் கிடந்து, உடல் மாய்ந்தால் தாமும் மாய்வதுண்டோ எனத் தம்முள்ளே ஆராய்ந்தார். உடலுக்கு அப்பாற்பட்ட உணர்வொன்று உள்ளே விளங்கக் கண்டார், அச்சம் அகன்றது. சில வாரங்களில், தமையனாரின் கல்லூரிக் கட்டணத்துக்கான ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, சீட்டெழுதி வைத்துப் புறப்பட்டார். செப்டம்பர் 1-இல் திருவண்ணாமலை சேர்ந்தார். அங்கே பாதாள லிங்கக் குகையில், பூச்சிகள் தொடையை அரித்ததும் அறியாது அமர்ந்திருந்தார். 1950 ஏப்ரல் 14-இல் மறையும்வரை அவ்வூரை விட்டு அகலவில்லை.

வேதாந்த நூல்களை அவர் பின்னரே கற்றார். தமக்குத் தொண்டு செய்த பழனிசாமிக்குப் பொருள் விளக்கப் படித்தபோது, தாம் முன்னமே உணர்ந்ததை அந்நூல்கள் உரைக்கக் கண்டார். 1902-இல் வருவாய்த்துறை அலுவலர் சிவப்பிரகாசம் பிள்ளை வினாக்கள் தொடுத்தார். மௌனமாயிருந்தவர் எழுதிக் காட்டிய விடைகளே பின்னர் 'நான் யார்' என்னும் நூலாயின.

அவரைப் போல நாமும் புத்தகத்தை மூடிவிட்டு மலையை நாட வேண்டுமோ? எனக்கும் இவ்வினா எழுந்ததுண்டு. இல்லறத்தையும் தொழிலையும் துறக்க விரும்பி வந்த அன்பர்கள் பலரை அவர் அவ்வழியில் ஊக்கவில்லை. கடமையைச் செய்துகொண்டே, எண்ணங்கள் எழும் இடத்தை நோக்குமாறு பணித்தார்.

நான் வாழும் சிவாஜிநகரில் பேருந்து இரைச்சலும் இரசல் மார்க்கெட்டின் கூவலும் இரவு வரை ஓய்வதில்லை. இங்கிருந்தே அவ்வழியைப் பயிலலாம் என்பது என் துணிபு. தேர்வு குறித்தோ எதிர்காலம் குறித்தோ அச்சம் எழும்போது, அஞ்சுகின்ற இந்த நான் யாரென ஒரு கணம் அமர்ந்து வினவுவோம். நூல் வழி காட்டும். அமைதி துணை நிற்கும். உள்நோக்கிச் செல்லும் முயற்சியை நாமே செய்தல் வேண்டும். மதுரை மாணவர் நமக்கு விட்டுச்சென்ற பாடம் இதுவே.