பாட்டுக்காக ஓடிப் போன பையன்

தமிழ்நாட்டு இளைஞர்கள் ஒரு நடிகரைப் பார்த்துத் தங்கள் தலைமயிரை நீளமாக வளர்த்துக் கொண்ட காலம் உண்டு. அதற்குப் பாகவதர் கிராப்பு என்று பெயர்.

அந்தப் பாகவதர்தான் எம். கே. தியாகராஜ பாகவதர். தமிழ் சினிமாவின் முதல் பெரிய நட்சத்திரம் அவர்.

1910-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி மாயவரத்தில் பிறந்தார். தந்தை கிருஷ்ணமூர்த்தி ஆச்சாரி, நகை செய்யும் தொழிலாளி. பிழைப்புக்காகக் குடும்பம் திருச்சிக்குக் குடியேறியது.

பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை

பையனுக்குப் பாட்டு என்றால் உயிர். பள்ளிக்கூடம் என்றால் வேப்பங்காய். பிள்ளை படிக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டறையில் உட்கார்ந்து தொழில் பழக வேண்டும் என்று தந்தை கண்டித்தார்.

ஒரு நாள் பையனைக் காணவில்லை. குடும்பம் கலங்கித் தேடியது. கடைசியில் ஆந்திர நாட்டுக் கடப்பாவில் இருப்பதாகத் தகவல் கிடைத்தது. தந்தை அங்கே போனபோது, கூட்டத்தின் நடுவே மகன் பாடிக் கொண்டிருந்தானாம். ஜனங்கள் மெய்மறந்து கேட்டார்களாம். அதைப் பார்த்ததும் தந்தையின் கோபம் பறந்து விட்டது என்று சொல்வார்கள். அதன் பிறகு அவர் மகனின் பாட்டுக்குக் குறுக்கே நிற்கவில்லை.

மேடை ஏறினார்

அப்போது திருச்சியில் எப். ஜி. நடேச அய்யர் என்ற ரெயில்வே அதிகாரி இருந்தார். ரசிக ரஞ்சனி சபா என்ற நாடக, சங்கீத சபையை நிறுவியவர் அவர். பையனின் குரலைக் கேட்டு, அரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசன் வேஷம் கொடுத்தார்.

நடித்தால் மட்டும் போதுமா? சங்கீதத்தை முறையாகக் கற்க வேண்டாமா? பிடில் வித்துவான் மதுரை பொன்னு அய்யங்காரிடம் ஆண்டுக்கணக்கில் பாடம் நடந்தது. அந்தக் காலத்து நாடகக் கொட்டகையில் ஒலிபெருக்கி கிடையாது. கடைசி வரிசையில் இருப்பவன் காதிலும் விழும்படி பாட வேண்டும். அதற்கு ஏற்ற உச்சக் குரல் அவருக்கு இருந்தது. தியாகராஜன், பாகவதர் ஆனார்.

மேடையில் அவர் அர்ஜுனனாக நடித்த பவளக்கொடி நாடகத்தை, டைரக்டர் கே. சுப்பிரமணியம் 1934-ம் ஆண்டு சினிமாவாக எடுத்தார். எஸ். டி. சுப்புலட்சுமி கதாநாயகி. படத்தில் சுமார் 50 பாட்டுகள்!

1937-ல் சிந்தாமணி, அம்பிகாபதி என்று இரண்டு படங்கள். இரண்டும் வெற்றி. பிறகு திருநீலகண்டர், அசோக்குமார், சிவகவி. பாபநாசம் சிவன் இயற்றிய பாட்டுகளைப் பாகவதர் பாடினார். வண்டிக்காரரும் பாடினார், வித்துவானும் ரசித்தார்.

தந்தை ஊராருக்குத் தங்க நகை செய்தவர். மகனோ தங்கத் தட்டில் சாப்பிடுகிறார் என்று ஊரெல்லாம் பேச்சு!

சிறைக் கதவு

1944-ம் ஆண்டு தீபாவளிக்கு ஹரிதாஸ் வெளிவந்தது. மறு மாதம், நவம்பரில், சென்னையில் பத்திரிகை ஆசிரியர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அந்த வழக்கில் பாகவதரும் நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். 1945 மே மாதம் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

சென்னை பிராட்வே தியேட்டரில் ஹரிதாஸ் ஓடிக் கொண்டே இருந்தது. 1944, 1945, 1946 என்று மூன்று தீபாவளிகளைக் கண்டது. திரையில் பாகவதர் பாடினார். ஜனங்கள் கேட்டு உருகினார்கள். பாடியவரோ சிறைக்குள் இருந்தார்.

வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. அப்பீலை மறுபடியும் விசாரிக்கும்படி அது சென்னை ஐகோர்ட்டுக்கே திருப்பி அனுப்பியது. 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என்று விடுதலை ஆனார்கள்.

விடுதலை கிடைத்தது. போன காலம் திரும்பவில்லை. ஒப்பந்தமான படங்கள் எல்லாம் கைநழுவி விட்டன. 1948-ல் அவர் சொந்தமாக எடுத்த ராஜமுக்தி தோல்வி அடைந்தது. சினிமாவில் பாட்டுக் குறைந்து வசனம் ஓங்கிய காலம் அது. அடுத்து வந்த அமரகவி, சியாமளா, புதுவாழ்வு ஆகிய படங்களாலும் பழைய புகழை மீட்க முடியவில்லை.

பணம் கரைந்தது. சர்க்கரை நோய் வாட்டியது. கண் பார்வையும் மங்கியது. ஆனாலும் பாட்டு மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. கச்சேரிக்கு அழைத்தவர்களுக்குப் பாடினார்.

1959-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி சென்னை பொது ஆஸ்பத்திரியில் பாகவதர் காலமானார். அவர் நடித்தது மொத்தம் 14 படங்கள்தான். கடைசிப் படமான சிவகாமி அவர் மறைவுக்குப் பின்பே வெளிவந்தது.

அவர் உடலைத் திருச்சிக்குக் கொண்டு வந்தார்கள். பாட்டுக்காக வீட்டை விட்டு ஓடிய பிள்ளை, தான் வளர்ந்த ஊரின் மண்ணிலேயே அடங்கினார்.