ஜாம்செட்ஜி போமன்ஜி வாடியா

ஜாம்செட்ஜி போமன்ஜி வாடியா (1754 - 1821) பம்பாயில் (இன்றைய மும்பை) கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல் கட்டும் தளத்தில் தலைமைக் கட்டுநராகப் பணியாற்றிய பார்சி ஆவார். பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே பிரித்தானிய அரச கடற்படைக்காகக் கட்டப்பட்ட முதலாவது பெரும் போர்க்கப்பலான மின்டன் (1810, 74 பீரங்கிகள்) இவரது ஆக்கமாகும்.

பின்னணி

இவரது பாட்டனார் லவ்ஜி நுசர்வான்ஜி வாடியா 1736 இல் சூரத்திலிருந்து பம்பாய்க்கு அழைத்துவரப்பட்ட கப்பல் தச்சர். தொழில் குடும்பத்திலேயே தொடர்ந்தது. ஜாம்செட்ஜி 1792 இல் தன் பெரியப்பா மகன் பிராம்ஜி மானெக்ஜியுடன் இணைந்து தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

வரைபடமும் தேக்கும்

நெப்போலியப் போர்க்காலத்தில் இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டது. கப்பல்களை விரைந்து பெறும்பொருட்டு, கடற்படை ஒரே வரைபடத்தைப் பல தளங்களுக்கு அனுப்பிக் கட்டுவித்தது. இவ்வாறு கட்டப்பட்ட லேடா வகைப் போர்க்கப்பல்கள் நாற்பதுக்கும் மேற்பட்டவை. இவ்வகையின் வடிவம், 1782 இல் பிரான்சிடமிருந்து கைப்பற்றப்பட்ட ஹெபே என்ற கப்பலைப் பின்பற்றியது. கடலில் ஏற்கெனவே ஓடிக்காட்டிய வடிவம் என்பதால், கட்டுவோர் ஊகித்துச் செய்யவேண்டியது குறைவு.

ஆகவே ஜாம்செட்ஜியைக் கப்பல் வடிவமைப்பாளர் என்பதைவிட, ஓக் மரத்துக்கென வரையப்பட்டதை மலபார்த் தேக்கில் கட்டிக்காட்டியவர் என்பதே பொருத்தம். ஓக்கிலுள்ள அமிலம் இரும்பு ஆணிகளை அரிக்கும். தேக்கின் எண்ணெய்ப் பசை அவற்றைக் காக்கும்.

வரைபடத்தை நம்பியிருப்பதில் ஒரு இடரும் இருந்தது. திருகோணமலையின் பெயர் தாங்கிய டிரிங்கோமலி என்ற கப்பலுக்கான வரைபடங்களை ஏற்றிவந்த ஜாவா என்னும் கப்பலை, 1812 டிசம்பரில் பிரேசிலுக்கு அப்பால் அமெரிக்கக் கப்பல் ஒன்று தோற்கடித்தது. வரைபடங்கள் மீண்டும் அனுப்பப்பட வேண்டியதாயிற்று. 1816 இல்தான் பணி தொடங்கியது. பார்சி வழக்கப்படி ஏராவில் (அடிமரத்தில்) வெள்ளி ஆணி அறையப்பட்டது. 1817 அக்டோபர் 12 இல் கப்பல் வெள்ளோட்டம் விடப்பட்டது. கட்டுமானச் செலவு 23,000 பவுண்டு.

மதிப்பும் அவமதிப்பும்

தாம் கட்டிய ஒரு கப்பலின் உட்புற மரத்தில், அதைக் கட்டியவன் ஒரு கறுப்பன் என்று ஆங்கிலேயரின் வசைச்சொல்லையே சேர்த்து அவர் செதுக்கிவைத்தார் என ஒரு செய்தி வழங்குகின்றது. அது உண்மையாயின், அவர் மனத்தில் இருந்ததை ஊகிப்பது கடினமன்று. அவர் கட்டிய மற்றொரு கப்பலான கார்ன்வாலிசின் (1813) தளத்தில்தான் 1842 இல் நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தானது.

1821 இல் ஜாம்செட்ஜி காலமானபின் மகன் நவ்ரோஜி தொழிலைத் தொடர்ந்தார். டிரிங்கோமலி இங்கிலாந்தின் ஆர்ட்டில்பூல் நகரில் அருங்காட்சியகக் கப்பலாக உள்ளது. இன்றும் நீரில் மிதக்கும் மிகப் பழைய பிரித்தானியப் போர்க்கப்பல் அதுவே.