பசுமைப் புரட்சிக்கு வித்திட்ட அமைச்சர்: சி. சுப்பிரமணியத்தின் வாழ்க்கைப் பயணம்

புதுதில்லி, ஜன. 30: உணவுக்காக வெளிநாட்டுக் கப்பல்களை எதிர்நோக்கியிருந்த இந்தியாவைத் தன்னிறைவின் பாதையில் திருப்பியவர்களில் முதன்மையானவர் முன்னாள் மத்திய வேளாண் அமைச்சர் சி. சுப்பிரமணியம். அவரது பிறந்த தினம் ஜனவரி 30. அவர் கொண்டுவந்த விதைகள் பெருவிளைச்சல் தந்த ஆண்டில், அவர் அமைச்சராகவும் இல்லை. நாடாளுமன்ற உறுப்பினராகவும் இல்லை.

மாநில அமைச்சர், மத்திய அமைச்சர், ஆளுநர் எனப் பல பொறுப்புகளை வகித்தபோதும், 1964 முதல் 1967 வரை உணவு, வேளாண் துறையில் அவர் ஆற்றிய பணியே அவரை வரலாற்றில் நிலைநிறுத்தியது. 1998-இல் அவருக்கு நாட்டின் உயரிய விருதான பாரத ரத்னா வழங்கப்பட்டது.

பொள்ளாச்சி மண்ணிலிருந்து...

கோவை மாவட்டம், பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையத்தில் 1910-ஆம் ஆண்டு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் சுப்பிரமணியம். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியலும், பின்னர் சட்டமும் பயின்றார். மாணவப் பருவத்திலேயே விடுதலைப் போராட்டம் அவரை ஈர்த்தது. சட்ட மறுப்பு இயக்கத்தில் பங்கேற்றுச் சிறை சென்ற அவர், கோவையில் வழக்குரைஞராகப் பணியாற்றியபோது, 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்திலும் கைதானார்.

நாடு விடுதலை பெறும் தருவாயில் அரசமைப்பு நிர்ணய சபையின் உறுப்பினரானார். 1952 முதல் பத்தாண்டுகள் சென்னை மாகாண அமைச்சரவையில் நிதி, கல்வி, சட்டம் ஆகிய துறைகளைக் கவனித்தார்.

1954-இல் ராஜாஜி முதல்வர் பதவியிலிருந்து விலகியபோது, காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவர் பதவிக்குக் காமராஜரை எதிர்த்துப் போட்டியிட்டுத் தோல்வியடைந்தார் சுப்பிரமணியம். ஆயினும், தம்மை எதிர்த்து நின்றவரையே தமது அமைச்சரவையில் சேர்த்துக் கொண்டார் காமராஜர். மதிய உணவுத் திட்டம், ஊர் மக்களின் பங்களிப்புடன் நடைபெற்ற பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஆகியவை அந்த அமைச்சரவைக் காலத்தில் நடைமுறைக்கு வந்தன. கல்வித் துறையை அப்போது கவனித்தவர் சுப்பிரமணியம்.

பஞ்சத்தின் வாசலில்

1962-இல் பொள்ளாச்சி தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், ஜவாஹர்லால் நேருவின் அமைச்சரவையில் உருக்குத் துறைப் பொறுப்பேற்றார். நேருவின் மறைவுக்குப் பின் 1964 ஜூனில் பிரதமரான லால் பகதூர் சாஸ்திரி, அவரிடம் உணவு, வேளாண் துறையை ஒப்படைத்தார்.

அரசியல்வாதிகள் பலரும் தவிர்க்க விரும்பிய துறை அது. 1956 முதல் அமெரிக்காவின் பி.எல். 480 சட்டத்தின் கீழ்ப் பெறப்பட்ட கோதுமையே நகரங்களின் நியாயவிலைக் கடைகளைத் தாங்கி நின்றது. 1964-65-இல் 8.9 கோடி டன்னாக இருந்த உணவு தானிய உற்பத்தி, மழை பொய்த்ததால் அடுத்த ஆண்டு 7.2 கோடி டன்னாகச் சரிந்தது. 1966-இல் மட்டும் சுமார் 1 கோடி டன் தானியம் இறக்குமதி செய்யப்பட்டது. வாரம் ஒரு வேளை உணவைத் தவிர்க்குமாறு பிரதமரே மக்களிடம் வேண்டுகோள் விடுக்கும் நிலை உருவானது.

விலை, விஞ்ஞானம், விதை

விளைபொருளுக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைக்காதவரை, எந்த விவசாயியும் கூடுதலாக முதலீடு செய்ய முன்வரமாட்டார் என்பதே புதிய அமைச்சரின் கணிப்பு. அதன்படி, விலையைப் பரிந்துரைக்க வேளாண் விலை ஆணையமும், தானியத்தைக் கொள்முதல் செய்து சேமிக்க இந்திய உணவுக் கழகமும் 1965 ஜனவரியில் அமைக்கப்பட்டன. உணவுக் கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது.

அடுத்ததாக, வேளாண் ஆராய்ச்சியின் பக்கம் அவரது கவனம் திரும்பியது. ஆராய்ச்சி நிறுவனங்களின் நிர்வாகம் அதுவரை ஆட்சிப் பணி அதிகாரிகளின் கையில் இருந்தது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுமத்தின் தலைமை இயக்குநர் பொறுப்பில் முதன்முறையாக ஒரு விஞ்ஞானி, பி.பி. பால், அமர்த்தப்பட்டார்.

மெக்சிகோவில் நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டை ரகக் கோதுமையைத் தில்லியில் எம்.எஸ். சுவாமிநாதன் உள்ளிட்ட விஞ்ஞானிகள் சோதித்து, நல்ல பலன் கண்டிருந்தனர். உயரமாக வளரும் நாட்டு ரகங்கள், உரமிட்டால் கதிரின் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். குட்டை ரகங்கள் சாய்வதில்லை. சோதனை வயலில் கண்ட இந்தப் பலனை நாடு முழுவதும் கொண்டு செல்ல, பெருமளவில் விதை தேவைப்பட்டது.

எதிர்ப்பு எல்லாத் திசைகளிலிருந்தும் எழுந்தது. அன்னியச் செலாவணித் தட்டுப்பாட்டைச் சுட்டிக்காட்டி, நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி தயக்கம் காட்டினார். திட்டக் குழுவிலும் ஐயங்கள் எழுந்தன. வெளிநாட்டு விதைக்கும் உரத்துக்கும் நாடு அடிமையாகிவிடும் என இடதுசாரிகள் எச்சரித்தனர். வசதி படைத்த விவசாயிகளே பயனடைவர் என்ற குரலும் ஒலித்தது.

இவற்றுக்கு வயல்வெளியிலேயே விடை சொல்ல முற்பட்டார் சுப்பிரமணியம். தில்லியில் தமது அரசு இல்லத்தின் புல்வெளியை உழுது, புதிய ரகக் கோதுமையைப் பயிரிட்டார். விவசாயிகளின் நிலங்களில் செயல்விளக்க வயல்கள் அமைக்கப்பட்டன. தாஷ்கண்டில் சாஸ்திரி மறைந்ததை அடுத்துப் பிரதமரான இந்திரா காந்தியும் அவரை அதே துறையில் தொடரச் செய்தார். 1966-இல், லெர்மா ரோஜோ, சோனோரா 64 ஆகிய ரகங்களின் 18,000 டன் விதை மெக்சிகோவிலிருந்து இறக்குமதி செய்யப்பட்டது.

விதை முளைத்துப் பயன் தராமல் போயிருந்தால், பஞ்ச காலத்தில் அன்னியச் செலாவணியை வீணடித்தவர் என்ற பழி அமைச்சரையே சேர்ந்திருக்கும்.

மொழிக்காக ராஜிநாமா

உணவு நெருக்கடிக்கு நடுவே மற்றொரு சோதனையும் அவருக்கு நேர்ந்தது. 1965 ஜனவரி 26 முதல் ஹிந்தி மத்திய அரசின் அலுவல் மொழியானதை எதிர்த்து, தமிழகத்தில் மாணவர் போராட்டம் வெடித்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாகின. தென்மாநில மக்களின் உணர்வுக்கு மதிப்பளிக்கப்படவில்லை எனக் கருதிய சுப்பிரமணியமும், மற்றொரு மத்திய அமைச்சரான ஓ.வி. அளகேசனும் பிப்ரவரி 11-இல் ராஜிநாமா செய்தனர். ஆங்கிலம் நீடிக்கும் என்ற உறுதிமொழியைப் பிரதமர் வானொலியில் அளித்தார். ராஜிநாமாக்கள் ஏற்கப்படாத நிலையில், இருவரும் பதவியில் தொடர்ந்தனர்.

ஆயினும், அந்தப் போராட்டம் ஏற்படுத்திய அலை அவரை விட்டுவைக்கவில்லை. 1967 தேர்தலில் தமிழகத்தில் திமுக ஆட்சியைப் பிடித்தது. காமராஜர் விருதுநகரில் தோற்றார். மொழிக்காகப் பதவியைத் துறக்க முன்வந்த சுப்பிரமணியமும், காங்கிரஸ் வேட்பாளர் என்ற நிலையில் தோல்வியைத் தழுவினார்.

அடுத்த ஆண்டு வட மாநிலங்களில் அறுவடை தொடங்கியபோது, தானியத்தைக் கொட்டி வைக்க இடமின்றிப் பள்ளிக் கட்டடங்கள்கூடக் கிடங்குகளாயின. 1964-65-இல் 1.2 கோடி டன்னாக இருந்த கோதுமை உற்பத்தி 1967-68-இல் 1.65 கோடி டன்னைத் தாண்டியது. கோதுமைப் புரட்சியைக் குறிக்கும் அஞ்சல் தலை 1968-இல் வெளியிடப்பட்டது. வேளாண் துறை அப்போது ஜகஜீவன் ராமின் பொறுப்பில் இருந்தது.

மீண்டும் தில்லியில்

1971-இல் கிருஷ்ணகிரி தொகுதியிலிருந்து மக்களவைக்குத் திரும்பிய சுப்பிரமணியம், திட்டம், தொழில் வளர்ச்சி ஆகிய துறைகளுக்குப் பின் 1974-இல் நிதியமைச்சரானார். சிறு விவசாயிகளுக்கும் கிராமத் தொழிலாளர்களுக்கும் கடன் கிடைக்க வழிசெய்யும் வட்டார கிராமிய வங்கிகள், 1975 அக்டோபர் 2-இல் அவரது பதவிக்காலத்தில் தொடங்கப்பட்டன. நெருக்கடி நிலைக் காலத்திலும் அவர் அமைச்சரவையில் நீடித்தது, அவரது பொதுவாழ்வின் விமர்சனத்துக்குரிய பகுதியாக உள்ளது.

1979-இல் சரண் சிங் அமைச்சரவையில் பாதுகாப்புத் துறையைக் கவனித்தார். 1990-இல் மகாராஷ்டிர ஆளுநராக நியமிக்கப்பட்டார். பிரதமர் நரசிம்ம ராவ் குறித்து அவர் தெரிவித்த விமர்சனம் செய்தியாக வெளியானதைத் தொடர்ந்து, 1993 ஜனவரியில் பதவி விலகினார்.

இறுதிவரை விவசாயம்

தொண்ணூறாவது வயதிலும் அவரது எண்ணம் விளைநிலத்தைச் சுற்றியே இருந்தது. சிறு விவசாயிகளிடம் நவீன வேளாண் தொழில்நுட்பத்தைக் கொண்டுசேர்க்கும் நோக்குடன், 2000-ஆம் ஆண்டு சென்னையில் 'நேஷனல் அக்ரோ ஃபவுண்டேஷன்' என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு நவம்பர் 7-இல் காலமானார். அந்த நிறுவனம் கிராமப்புறங்களில் மண் பரிசோதனை, பயிற்சி உள்ளிட்ட பணிகளை மேற்கொண்டது.

பசுமைப் புரட்சி குறித்த விவாதம் இன்னும் ஓயவில்லை. பஞ்சாப், ஹரியாணாவில் நிலத்தடி நீர் வெகுவாகக் கீழிறங்கியதும், ரசாயன உரப் பயன்பாடு மிகுந்ததும் அதன் மறுபக்கமாகச் சுட்டிக்காட்டப்படுகின்றன. 2020-21-இல் தில்லி எல்லையில் திரண்ட விவசாயிகளின் முதன்மைக் கோரிக்கைகளில் ஒன்று, குறைந்தபட்ச ஆதரவு விலைக்குச் சட்ட உத்தரவாதம் என்பதாகும். அந்த விலையைப் பரிந்துரைக்கும் ஆணையமும், அதன்படி நெல்லையும் கோதுமையையும் வாங்கும் உணவுக் கழகமும் சுப்பிரமணியம் வேளாண் அமைச்சராக இருந்தபோது உருவானவை. நியாயவிலைக் கடைகளில் இன்று வழங்கப்படும் அரிசியும் கோதுமையும் அந்தக் கட்டமைப்பின் வழியாகவே மக்களை வந்தடைகின்றன.