35 நாள்கள் குடியரசுத் தலைவர் பொறுப்பு வகித்த தலைமை நீதிபதி ஹிதயதுல்லா

நாட்டின் தலைமை நீதிபதி, குடியரசுத் தலைவர் பொறுப்பு, குடியரசுத் துணைத் தலைவர் ஆகிய மூன்றையும் வகித்த ஒரே இந்தியர் முகமது ஹிதயதுல்லா ஆவார். 1905 டிசம்பர் 17-இல் பிறந்த அவர், ராய்ப்பூர், நாக்பூர், கேம்பிரிட்ஜ் ஆகிய நகரங்களில் பயின்று, 1930-இல் நாக்பூரில் வழக்குரைஞரானார். மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றத்தின் முதல் தலைமை நீதிபதியாகப் பணியாற்றிய அவர், 1958-இல் உச்ச நீதிமன்ற நீதிபதியாகவும், 1968-இல் இந்தியத் தலைமை நீதிபதியாகவும் பொறுப்பேற்றார்.

1969 மே 3-இல் குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் காலமானார். அரசமைப்பின் 65-ஆவது பிரிவின்படி துணைத் தலைவர் வி.வி.கிரி அப்பொறுப்பை ஏற்றார். ஆனால், இரு பதவிகளும் ஒருசேரக் காலியானால் பொறுப்பேற்பவர் யார் என்பதை அரசமைப்பு குறிப்பிடவில்லை. அதற்கு வழிவகை செய்யும் அதிகாரத்தை 70-ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்கு வழங்கியிருந்தது. அதன்படி மே 28-இல் சட்டம் இயற்றப்பட்டது. அத்தகைய நிலையில் இந்தியத் தலைமை நீதிபதியும், அவரும் இல்லையெனில் உச்ச நீதிமன்றத்தின் மூத்த நீதிபதியும் பொறுப்பேற்பர் என அச்சட்டம் வகுத்தது.

தேர்தலில் சுயேச்சையாகப் போட்டியிடுவதற்காக ஜூலை 20-இல் கிரி பதவி விலகியதும் ஹிதயதுல்லா பொறுப்பேற்றார். அந்த மாத இறுதியில் தில்லி வந்த அமெரிக்க அதிபர் நிக்சனை அவரே வரவேற்றார். 14 வங்கிகளை அரசுடைமையாக்கும் சட்டத்துக்கு ஆகஸ்ட் 9-இல் ஒப்புதல் அளித்தவரும் அவரே.

ஆகஸ்ட் 16-இல் நடைபெற்ற தேர்தலில், முதல் விருப்ப வாக்குகளில் எவருக்கும் பெரும்பான்மை கிட்டவில்லை. அடுத்த விருப்ப வாக்குகளும் எண்ணப்பட்ட பின்னரே, நீலம் சஞ்சீவ ரெட்டியைவிட 14,650 வாக்கு மதிப்பு கூடுதலாகப் பெற்று கிரி வென்றார். ஆகஸ்ட் 24-இல் அவர் பதவியேற்றதும், ஹிதயதுல்லா உச்ச நீதிமன்றம் திரும்பினார்.

வங்கிச் சட்டத்தை எதிர்த்த வழக்கை 11 நீதிபதிகள் விசாரித்தபோது, தாம் ஒப்புதல் அளித்த சட்டம் என்பதால் அந்த அமர்வில் அவர் இடம்பெறவில்லை. 1970 பிப்ரவரியில் அச்சட்டம் செல்லாது எனத் தீர்ப்பளிக்கப்பட்டது.

1970 டிசம்பரில் ஓய்வு பெற்ற ஹிதயதுல்லா, 1979-இல் போட்டியின்றிக் குடியரசுத் துணைத் தலைவரானார். 1982-இல் மீண்டும் சில வாரங்கள் குடியரசுத் தலைவர் பொறுப்பை வகித்தார். 1992 செப்டம்பர் 18-இல் மும்பையில் காலமானார். நாட்டின் உயரிய பதவி ஒரு நாளும் காலியாக இராதவாறு 1969-இல் இயற்றப்பட்ட அச்சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது.