குழந்தைகளுக்குக் காவல் நின்ற டாக்டர் அம்மையார்

முசிறி காவிரியின் வடகரையில் இருக்கிறது, புதுக்கோட்டை தெற்கே. 1948ல் சமஸ்தானம் திருச்சி ஜில்லாவில் சேர்ந்தது முதல் 1974 வரை இரண்டும் ஒரே ஜில்லா. ஆகவே 1886ல் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரை முசிறிக்காரர்களும் நம்மவர் என்று உரிமை கொண்டாடலாம்.

தந்தை நாராயணசாமி ஐயர் கல்லூரித் தலைவர். தாயார் சந்திரம்மாள், பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் இருந்த குலத்தைச் சேர்ந்தவர். அந்த வழக்கத்தின் கொடுமையை அம்மையாருக்கு யாரும் எடுத்துச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

1912ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1925ல் பெண்கள், குழந்தைகள் நோய்களைப் பற்றிப் படிக்க அரசாங்க உதவிச் சம்பளத்தில் லண்டன் சென்றார். அங்கிருந்து 1926ல் பாரிஸ் சென்று, சர்வதேச மாதர் மகாநாட்டில் இந்திய மாதர் சங்கத்தின் பிரதிநிதியாகக் கலந்துகொண்டார். குழந்தைகளின் உரிமைகள் பற்றிய பிரகடனத்தைச் சர்வதேச சங்கம் 1924ல்தான் ஜெனீவாவில் ஏற்றிருந்தது. உலகம் குழந்தைகளைப் பற்றிப் பேசத் தொடங்கிய காலம் அது.

தாயகம் திரும்பியதும் சென்னைச் சட்டசபையில் நியமன அங்கத்தினராகி, உபதலைவரும் ஆனார். பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்துத் தீர்மானம் கொண்டுவந்தார். சத்தியமூர்த்தி எதிர்த்தார். வேடிக்கை என்னவென்றால், அவரும் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துத் திருமயத்தில் பிறந்தவர்தான்! 1929ல் கோயில் மானியத்துக்கு ஈடாக ஊழியம் என்ற கட்டு சட்டத்தால் அறுந்தது. முழுத் தடை வர 1947 ஆயிற்று.

அதே 1929ல் பெண்ணின் மணவயது 14 என்று சாரதா சட்டம் நிறைவேறியது. சட்டம் வந்ததே தவிர, காவல் வரவில்லை. யாராவது பிராது கொடுத்தால்தான் வழக்கு. முசிறியில் ஒரு குழந்தைக்குத் தாலி கட்டினால், அதைத் தடுக்க நினைப்பவர் திருச்சிக்குப் போய் ஜில்லா மாஜிஸ்திரேட்டிடம் மனுக் கொடுக்கவேண்டும். நூறு ரூபாய் வரை ஜாமீன் பத்திரமும் எழுதித் தரவேண்டியிருக்கும். உறவையும் ஊரையும் பகைத்துக்கொண்டு எவர் போவார்?

அரசாங்கத்துக்குக் கட்டுப்படாத குழந்தைகள் காப்பாளரை நார்வே நியமித்ததே 1981ல்தான். அன்று அந்த வேலைக்கு இருந்தவை மாதர் சங்கங்களே. அயர்லாந்தில் பிறந்த மார்கரெட் கசின்ஸ் அம்மையார் சென்னையில் துணை நின்றார். பிரிட்டிஷ் பார்லிமெண்டில் எலினார் ராத்போன் அம்மையார் குழந்தை மணத்தைப் பற்றி வாதாடினார். 1931ல் லாகூரில் அகில இந்திய மாதர் மகாநாட்டுக்கு நம் அம்மையார் தலைமை வகித்தார்; இலங்கை, பர்மா, ஜப்பான், பாரசீகப் பெண்மணிகள் வந்திருந்த ஆசிய மாதர் மகாநாடும் அங்கேயே அந்த மாதமே நடந்தது. 1933ல் சிக்காகோ மகாநாட்டுக்கும் சென்றுவந்தார். மாதர் சங்கத்தின் 'ஸ்திரீ தர்மம்' பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்து பிறநாட்டுச் செய்திகளை இங்கே தந்தார்.

இதற்கிடையே 1930ல் காந்திஜி கைதானதும் சட்டசபைப் பதவியை உதறிவிட்டார். பொட்டுக்கட்டிலிருந்து தப்பிய சில பெண்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். விடுதிகள் அவர்களைச் சேர்த்துக்கொள்ள மறுத்தன. அம்மையார் தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அதுதான் அவ்வை இல்லம்.

1968 ஜூலை 22ல் அம்மையார் காலமானார். அவ்வை இல்லம் இன்றும் அடையாறில் நடக்கிறது.