மா. கிருஷ்ணன்: காட்டை உள்ளபடி காட்டியவர்

மலருக்கு ஒரு கட்டுரை கொடுங்கள் என்று மலர்க் குழு நண்பர்கள் கேட்டதும், சிமெண்டு, கான்கிரீட், பாலம் என்று நம் தொழில் சமாச்சாரம் எதையாவது எழுதிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதை எழுத நம்மில் அனுபவசாலிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனவே எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு பெரியவரைப் பற்றி எழுதுகிறேன். காமிராவைத் தூக்கிக்கொண்டு காடு காடாகத் திரிந்தவர், தமிழர், பெயர் மா. கிருஷ்ணன். நம் தலைமுறையில் பலருக்கு அவர் பெயரே தெரியாது. எனக்கும் ரொம்ப நாள் தெரியாமல்தான் இருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் கால் வைப்பதற்கு முன்பே அவர் காலமாகிவிட்டார்.

கிருஷ்ணன் 1912 ஜூன் 30ஆம் தேதி திருநெல்வேலியில் பிறந்தார். எட்டுக் குழந்தைகளில் கடைக்குட்டி. தகப்பனார் அ. மாதவையா, பத்மாவதி சரித்திரம் என்ற நாவலை எழுதியவர். தமிழில் நாவல் என்ற வடிவம் நடை பழகிய காலத்தில் எழுதிய முன்னோடிகளில் ஒருவர். உப்பு, ஆப்காரி இலாகாவில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே எழுதினார். 1925இல் சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில், பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசிவிட்டு உட்கார்ந்தவர் அங்கேயே உயிர் துறந்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது 13. மனதுக்குச் சரி என்று பட்டதை எந்தச் சபையிலும் சொல்லிவிடும் குணம் தகப்பனாரிடமிருந்து வந்த சொத்து என்றால் மிகையாகாது.

குடும்பம் மயிலாப்பூரில் வசித்தது. அந்தக் காலத்து மயிலாப்பூர் இன்றைய மயிலாப்பூர் அல்ல. தோப்பும் புதரும் நிறைந்த ஊர். பையனுக்குப் பறவை, அணில், ஓணான் எல்லாம் வீட்டு வாசலிலேயே கிடைத்தன. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துவிட்டு 1927இல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே தாவரவியல் பேராசிரியராக இருந்தவர் பி.எஃப். பைசன். மலைத் தாவரங்களைப் பற்றிப் பெரிய நூல்கள் எழுதியவர். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அவர் செடி தேடிப் போகும்போது கிருஷ்ணனும் கூடவே போவார். பேராசிரியரின் மனைவி நன்றாக ஓவியம் வரைவார். அந்த அம்மாளிடம் நீர்வண்ண ஓவியம் கற்றுக்கொண்டார். ஒரு செடியை வரைய வேண்டுமானால் இலை நரம்புவரை பார்த்தாக வேண்டுமல்லவா? அந்தப் பார்வைதான் பிற்காலத்தில் காமிராவுக்குப் பின்னால் நின்றது.

1931இல் பி.ஏ., பிறகு எம்.ஏ., 1936இல் சட்டம் என்று பட்டங்கள் வாங்கினார். ஆனால் படிப்பில் மார்க்கு சுமார்தான், வேலையும் எளிதில் அமையவில்லை. பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதினார், படம் வரைந்து கொடுத்தார், அச்சகத்தில், வானொலியில் என்று கிடைத்ததைச் செய்தார். கல்லூரியை விட்டு வந்ததும் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்ற அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அவருக்கும் அதே கதைதான்.

1942இல் பெல்லாரிப் பக்கம் இருந்த சண்டூர் என்ற சின்ன சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. அங்கே அவர் பார்க்காத வேலை கிடையாது. பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, ராஜாவின் அரசியல் செயலாளர். இத்தனைக்கும் நடுவில் மனுஷன் ஆடு மேய்த்துப் பார்த்தார், தபால் கொண்டு போகப் புறா வளர்த்துப் பார்த்தார்! நேரம் கிடைத்தபோதெல்லாம் சுற்றியிருந்த குன்றுகளிலும் புதர்க்காடுகளிலும் அலைந்தார். 1949இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்துவிட, சென்னைக்குத் திரும்பினார்.

இங்கேதான் அவர் வாழ்க்கையின் முக்கியமான முடிவு வருகிறது. வயது 37, குடும்பஸ்தர். யாராக இருந்தாலும் ஒரு நிரந்தர உத்தியோகம் தேடுவார்கள். கிருஷ்ணன் தேடவில்லை. அதன்பின் சாகும்வரை மாதச் சம்பளம் என்று ஒன்று வாங்காமல் எழுத்தையும் புகைப்படத்தையும் நம்பியே வாழ்ந்தார். மாதம் பிறந்தால் சம்பளம் வங்கியில் விழுந்துவிடும் நம்மைப் போன்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்பது புரியும்.

1950இல் கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் கன்ட்ரி நோட்புக் என்ற பத்தியைத் தொடங்கினார். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. காட்டு யானையும் வரும், கொல்லைப்புறத்து அரணையும் வரும். இரண்டுக்கும் ஒரே மரியாதை. 1996 பிப்ரவரி 18ஆம் தேதி அந்தப் பத்தி வெளியான நாளிலேயே சென்னையில் அவர் காலமானார். 46 வருஷம் ஒரே பத்தியை விடாமல் எழுதியிருக்கிறார்.

இனி காமிராவுக்கு வருவோம். இந்தியாவில் காட்டு விலங்குகளைப் படமெடுப்பதில் அவருக்கு முன்னோடி உண்டு. வன அதிகாரியாக இருந்த ஆங்கிலேயர் எஃப்.டபிள்யூ. சாம்பியன், 1920களில் காட்டுத் தடத்தில் கம்பி கட்டி, புலி வந்து காலால் தட்டினால் அதுவே தன்னைப் படமெடுத்துக்கொள்ளும்படி செய்தார். 1927இல் அதைப் பற்றிப் புத்தகமும் போட்டார். புலிக் கணக்கெடுப்புக்காக இன்று காடெங்கும் வைக்கிறார்களே தானியங்கிக் காமிரா, அதற்குத் தாத்தா அதுதான். கிருஷ்ணனுக்குப் பிடித்தது நேரில் போவது. நடந்து போவார், அல்லது பழக்கிய யானை மேல் ஏறிப் போவார். யானை முதுகில் மனுஷன் இருந்தாலும் மற்ற விலங்குகள் அவ்வளவாக மிரளுவதில்லை. அவற்றுக்கு அது இன்னொரு யானை, அவ்வளவுதான்.

அவருடைய காமிராவைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் பொறியியல் படிப்புக்கே மரியாதை இல்லை. ஒரு காமிராவின் உடல், வேறு ஒன்றின் லென்ஸ் என்று பல கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒன்றை அமைத்துக்கொண்டார். அதற்கு அவர் வைத்த செல்லப் பெயர் சூப்பர் பாண்டரோசா. கனமோ கனம் என்பதைத்தான் அப்படிக் கேலியாகச் சொன்னார். சிரமம் என்னவென்று நம் பாஷையில் பார்ப்போம். தூரத்து விலங்கைப் பெரிதாகக் காட்டும் லென்ஸ், கை நடுக்கத்தையும் சேர்த்துப் பெரிதாகக் காட்டும். நடுக்கம் தெரியாமல் இருக்க ஷட்டர் வேகமாகத் திறந்து மூட வேண்டும். வேகமாக மூடினால் வெளிச்சம் போதாது. காட்டுக்குள் நிழல் வேறு. அந்தக் காலத்து ஃபிலிமுக்கோ வெளிச்சம் நிறைய வேண்டும். 120 ரோலில் சதுரப் படமாக எடுத்தால் மொத்தம் 12 படம்தான். சரியாக விழுந்ததா என்று அங்கேயே பார்க்கவும் முடியாது. வீட்டுக்கு வந்து கழுவினால்தான் தெரியும். கழுவுவது, அச்சுப் போடுவது எல்லாம் அவரே செய்துகொண்டார்.

கலர் ஃபிலிம் வந்து உலகமே அதன் பின்னால் ஓடியபோதும் அவர் கறுப்பு வெள்ளையை விடவில்லை. அந்தப் படங்களைப் பார்த்தால் காரணம் ஓரளவு விளங்குகிறது. யானைத் தோலின் சுருக்கம், கரடி மயிரின் அடர்த்தி, காட்டெருமையின் முதுகுத் திமில், பின்னால் மூங்கில் புதர், காலடியில் புல் எல்லாம் ஒரே அமைதியில் நிற்கின்றன. விலங்கு தன் வீட்டில் இருக்கிறது, நாம் வாசலில் நின்று எட்டிப் பார்க்கிறோம் என்ற உணர்வு வருகிறது. முகத்தை மட்டும் பெரிதாக எடுத்து மிரட்டும் வேலை அதில் இல்லை.

படம் எடுப்பது அவருக்கு முடிந்த முடிவல்ல, அது ஒரு சாட்சி. 1968இல் ஜவாஹர்லால் நேரு நினைவு உதவித்தொகை கிடைத்ததும், தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளைப் பற்றிய ஆய்வில் முழுமூச்சாக இறங்கினார். எந்தக் காட்டில் எது இருக்கிறது, எது குறைந்துவிட்டது, என்ன தின்கிறது என்று குறிப்பு எடுத்தார். 1959 முதல் 1970 வரை கண்டதைத் திரட்டி எழுதிய அந்த ஆய்வை, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975இல் நூலாக வெளியிட்டது. காலத்தை யோசித்துப் பாருங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972இல்தான். அதே ஆண்டுக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் சேர்த்து 1,827 புலிகள்தான் என்று சொன்னார்கள். துப்பாக்கியோடு காட்டுக்குப் போவதைப் பெருமையாக நினைத்த காலம் முடியும் தறுவாயில், அங்கே என்ன மிஞ்சியிருக்கிறது என்று ஒருவர் காமிராவோடும் நோட்டுப் புத்தகத்தோடும் போய்ப் பதிந்துவிட்டு வந்தார். அந்தப் பதிவு இல்லையென்றால் எதை இழந்தோம் என்பதற்குக்கூடக் கணக்கு இருந்திருக்காது.

பத்மஸ்ரீ, 1995இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பின் குளோபல் 500 விருது ஆகியவை அவரைத் தேடி வந்தன. இந்திய வனவிலங்கு வாரியத்தில் பல ஆண்டுகள் உறுப்பினர். 1973இல் தொடங்கிய புலிகள் பாதுகாப்புத் திட்டத்தின் வழிகாட்டுக் குழுவிலும் இருந்தார். பதவியில் இருக்கிறோமே என்று தலையாட்டியவர் அல்ல. சாலையோரத்திலும் காட்டிலும் அந்நிய மரங்களை நட்டு அழகு பார்ப்பது அவருக்கு ஆகவே ஆகாது. இந்த மண்ணின் மரம், இந்த மண்ணின் விலங்கு என்ற பெருமை நமக்கு வேண்டும், அது இல்லாமல் தேசபக்தி பேசி என்ன பயன் என்பது அவர் கட்சி.

ஆங்கில எழுத்தாளராகவே அறியப்பட்டாலும் அவர் தமிழை விடவில்லை. பெரியசாமித் தூரன் பதிப்பித்த கலைக்களஞ்சியத்துக்கு எழுதினார். கதிரேசன் செட்டியின் காதல் என்ற துப்பறியும் நாவல்கூட எழுதியிருக்கிறார்! அவருடைய தமிழ்க் கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் தொகுக்க, மழைக்காலமும் குயிலோசையும் என்ற பெயரில் நூலாக வந்துள்ளது. நண்பர்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்க வேண்டிய புத்தகம்.

இவ்வளவும் சரி, கொள்ளிடக் கரையில் திருமழபாடியில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்று கேட்கலாம். எங்கள் ஊர் என்றால் வைத்தியநாத சுவாமி கோயிலும் நந்தி கல்யாணமும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஆனால் நம் பக்கமும் காட்டு உயிர்களுக்குப் பஞ்சமில்லை. பெரம்பலூர்ப் பக்கம் வெண்பாவூர்க் காட்டில் புள்ளிமான் இருக்கிறது. அரியலூர் மாவட்டத்திலேயே கரைவெட்டி ஏரி இருக்கிறது. சுமார் 450 ஹெக்டேர். மேட்டூர்த் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வந்து நிரப்பும் பாசன ஏரி அது. 1999இல் பறவைகள் சரணாலயமானது, 2024இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இமயமலையைத் தாண்டிப் பறந்து வருகிற வரித்தலை வாத்து குளிர்காலத்தில் அங்கே இறங்குகிறது. உலகத்தின் உச்சியைக் கடந்து வந்த விருந்தாளி நம் நெல்வயலுக்குப் பக்கத்தில் மேய்கிறது என்றால் சும்மாவா!

இன்றைக்கு ஆளுக்கொரு காமிரா சட்டைப்பையில் இருக்கிறது. படம் எடுக்கும் சிரமம் அடியோடு போய்விட்டது. ஆனால் அந்தச் சிரமத்தோடு பொறுமையும் சேர்ந்து போய்விடக் கூடாது. பறக்கிற படம் வேண்டுமென்று கைதட்டிக் கலைத்தால், இரை தேட வேண்டிய பறவை வீணாகப் பலத்தைச் செலவழிக்கிறது. கூட்டருகே போய் நின்றால் தாய் எழுந்து போய்விடும். அது திரும்புவதற்குள் காக்கை முட்டையைத் தூக்கிவிடும், இல்லாவிட்டால் குஞ்சு வெயிலில் வாடிவிடும். நல்ல படம் நமக்கு, நஷ்டம் அதற்கு. கிருஷ்ணன் வாழ்க்கை நமக்குச் சொல்லும் பாடம் இதற்கு நேர் எதிர். நாம் வந்ததும் போனதும் அந்த உயிருக்குத் தெரியாமல் எடுத்த படமே உண்மையான படம்.

ஆகவே நண்பர்களே, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வரும் மார்கழி, தை மாதங்களில் ஒரு தடவை கரைவெட்டிக்கு வாருங்கள். காலையில் சீக்கிரம் வந்துவிடுங்கள். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி கரை மேலேயே நில்லுங்கள், தண்ணீரில் இறங்க வேண்டாம். சத்தம் போடாமல் அரை மணி நேரம் சும்மா பாருங்கள். பிறகு காமிராவை எடுத்தால் போதும். படம் கொஞ்சம் சிறிதாக விழுந்தாலும் பரவாயில்லை. சுற்றிலும் நாணல், தண்ணீர், வானம் எல்லாம் அதில் இருக்கட்டும். பறவை இருக்கும் இடம் அதுதானே.